செஞ்சரளையும் குங்கிலியமும்: சாந்திநிகேதன் நாட்குறிப்பு

செவ்வாய், மாலை

மேற்கு வங்காளத்தில், சாந்திநிகேதனுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷனான போல்பூர் வந்து சேர்ந்தாயிற்று. சென்னையிலிருந்து ஹவுரா மெயில், ஹவுராவிலிருந்து சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸ். கடைசி இரண்டரை மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே வயல்தான். தண்ணீர் கட்டி, போரோ நெல்லுக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரி கடைசி என்பதால் வெயில் இதமாக இருந்தது. சாயங்காலம் ஆனதும் ஸ்வெட்டர் இல்லாமல் முடியவில்லை.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். வருடா வருடம் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து, “படம் வரைஞ்சு என்ன சார் ஆகப்போகுது?” என்று கேட்பார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. அந்தக் கவலையோடு வாழ்ந்து, அதையும் மீறி வேலை செய்தவர்கள் இருந்த ஊர் இது. அவர்கள் கைபட்ட சுவரையும் சிமெண்டையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஸ்டேஷனுக்கு என் பழைய மாணவன் வந்திருந்தான். தம்பி என்றுதான் அவனைச் சொல்வேன். சுவாமிமலைக்காரன், ஸ்தபதி வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியை முடித்துவிட்டு இங்கே விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியான கலாபவனில் உலோக வார்ப்பு பற்றி ஆய்வு செய்கிறான். அனுமதி, தங்கும் இடம் எல்லாம் அவன் ஏற்பாடு. “சார், நாளைக்குப் புதன்கிழமை, இங்க லீவு. நாளைக்கு மண்ணப் பாப்போம். சிலை எல்லாம் வியாழக்கிழமை” என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

புதன்

இங்கே வார விடுமுறை புதன்கிழமை. காலையில் கண்ணாடிக் கோயிலில் உபாசனை உண்டு. 1863ல் தேவேந்திரநாத் தாகூர் இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் தங்கி, இந்த இடம் பிடித்துப்போய் நிலம் வாங்கினார் என்பது ஊரின் தொடக்கக் கதை. அவர் மகன் ரவீந்திரநாத் 1901ல் ஐந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பணம் போதவில்லை. பூரியில் இருந்த வீட்டை விற்றார்; மனைவி மிருணாளினி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். மறு வருடமே அந்த அம்மாள் இறந்துபோனார். 1921ல் விஸ்வபாரதி, 1951ல் மத்தியப் பல்கலைக்கழகம், 2023ல் யுனெஸ்கோ பட்டியல் என்று இன்றைக்குப் பெயர்ப்பலகையில் படிக்கிறோம். அந்த அம்மாளின் வளையல்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பாட்டு முடிந்து வெளியே வரும்போது தம்பி ஒரு விஷயம் சொன்னான். சாவித்திரி கோவிந்தன் என்ற பெண் இங்கே வந்து, தீட்சிதரின் ‘மீனாட்சி மே முதம்’ கிருதியைத் தாகூருக்குப் பாடிக் காட்டினாராம். அந்த மெட்டிலேயே தாகூர் ‘பாசந்தி, ஹே புவனமோஹினி’ எழுதினார். மதுரை மீனாட்சியைப் பாடிய பூர்விகல்யாணி ராகம், வங்காளத்தில் வசந்தத்தைப் பாடுகிற பாட்டானது. மத்தியானம் முழுக்க அந்தக் கிருதிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

டோட்டோ பிடித்து கோவாய்க்குப் போனோம். இங்கே பேட்டரி ஆட்டோவை டோட்டோ என்கிறார்கள். கோவாய் என்பது மழை அரித்து அரித்துச் செம்மண் மேட்டில் வெட்டிய பள்ளத்தாக்கு. பெரிய ஆழமெல்லாம் இல்லை, ஆனால் நிறம்! காலடியில் முழுக்கச் சரளைக்கல். ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினால் இரும்புத் துருப் பொடி விரலில் ஒட்டுகிறது. சோனாஜுரிச் சந்தையில் கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்பிவிட்டோம். திரும்பும்போது தம்பி ஒரு கைப்பிடி சரளையை என் பையில் போட்டான். “நாளைக்கு வேணும் சார், வச்சுக்குங்க.”

வியாழன்

சரளை எதற்கு என்று இன்று தெரிந்தது. ‘சந்தால் குடும்பம்’ சிலைக்கு முன்னால் நிற்க வைத்து, “இப்ப அந்தக் கல்ல எடுத்துப் பாருங்க சார்” என்றான். சிலையின் மேற்பரப்பு முழுக்க அதே கல். சிமெண்டுக்குள் பாதி புதைந்து பாதி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ராம்கிங்கர் பைஜ் இதைச் செய்தது 1938ல். குடும்பத்தோடு ஊர் மாறிப் போகிற ஒரு சந்தால் பழங்குடி ஆள், அவன் மனைவி, காவடித் தட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, கூடவே நடக்கும் நாய். இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் சிமெண்டும் சரளையும் கலந்த கலவையைக் கையால் அள்ளி அப்பியிருக்கிறார். வெண்கலத்துக்குக் காசு எங்கே? பளிங்குக்கு எங்கே போவது? மண்ணோ வங்காள மழையில் நிற்காது. காலடியில் கிடந்தது இந்தச் சரளை. யாருடைய சிலையைச் செய்தாரோ, அவர்கள் நடந்த மண்ணாலேயே செய்ய வேண்டியதாயிற்று. பெரும்பாலும் ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும்தான் பொது இடத்தில் ஆள் உயரச் சிலை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கூலிக் குடும்பத்துக்கு இந்த அளவில், இந்தக் கம்பீரத்தில் யாரும் அதற்கு முன்பு வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது மேலே கூரை போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் முழங்கைக்கு அருகில் ரொம்ப நேரம் நின்றேன். தேய்த்து வழவழப்பாக்காமல் விட்ட கலவை, வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குட்டி நிழல் தருகிறது. தூரப் போய்ப் பார்த்தால் அத்தனை நிழலும் சேர்ந்து தசையாகிவிடுகிறது. அச்சுப் படத்தில் இது கிடைக்கவே கிடைக்காது.

“எங்க அப்பா இதப் பாத்தா முதல்ல என்ன கேப்பார் தெரியுமா சார்? உள்ள கம்பி துருப்பிடிக்காதா, அப்படின்னுதான்” என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். சிமெண்டுச் சிலைகளைக் காப்பாற்றுகிறவர்களுக்குப் பெரிய தலைவலியே அந்தக் கம்பிதான்.

ராம்கிங்கர் 1906ல் பாங்குராவில் பிறந்தவர். நாவிதர் குடும்பம். சிறுவயதில் நாடகத் திரைச்சீலை வரைவது, சுதந்திரப் போராட்டத் தலைவர்களின் படம் வரைவது என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ‘மாடர்ன் ரிவ்யூ’ ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி அந்தப் படங்களைப் பார்த்து, 1925ல் இங்கே அனுப்பிவைத்தார். நந்தலால் போஸ்தான் ஆசிரியர். இங்கே அவரை இன்றும் மாஸ்டர்மஷாய், அதாவது வாத்தியார் ஐயா, என்றுதான் சொல்கிறார்கள்.

யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மரத்தோடு மரமாக உயர்ந்து நிற்கும் ‘சுஜாதா’ 1935ல் செய்தது. முதலில் அது நடந்து போகும் ஒரு மெலிந்த பெண், அவ்வளவுதான். தலையில் பாயசப் பாத்திரம் வைக்கச் சொன்னவர் நந்தலால். அதன் பிறகு அது புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதா ஆனது. அதைப் பார்த்துவிட்டுத் தாகூர் ஆள் அனுப்பியபோது, திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போனாராம் ராம்கிங்கர். ஆசிரமம் முழுவதையும் இப்படிச் சிலைகளால் நிரப்பு என்று சொல்லி அனுப்பினார் பெரியவர். இருபது சொச்சம் வயது இளைஞனுக்கு ஒரு நிறுவனம் சொல்லக்கூடிய வார்த்தையில் இதைவிடப் பெரியது இருக்க முடியுமா? நம் கல்லூரிகளில் எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்து காத்திருந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

‘மில் அழைப்பு’ 1956ல் செய்தது. ஆலைச் சங்கு ஊதியதும் ஓடுகிற இரண்டு பெண்கள். ஈரப் புடவை காற்றில் காய்ந்துகொண்டே வருகிறது. கடைசிக் காலம் வரை அவர் கையில் காசு தங்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகியபோது தன் ஆயில் ஓவியங்களையே கூரைக்கு அடியில் கட்டினார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. வறுமையைப் புகழ்ந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்த ஓவியங்கள் நனையாமல் இருந்திருக்க வேண்டும், அந்த மனிதர் வசதியாக இருந்திருக்க வேண்டும்.

மாணவர் விடுதியான கறுப்பு வீட்டைச் சுற்றிவிட்டு (மண் சுவர், மேலே தார்), கே.ஜி. சுப்பிரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவரோவியத்துக்கு வந்தோம். கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம் அவருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடியது. 1944ல் இங்கே வந்தார். கல்லூரி துரத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை நல்ல பொருளாதாரப் பேராசிரியர் ஆகியிருப்பார். இந்தக் கட்டடத்தை 1990 வாக்கில் வரைந்து, 2009ல் மறுபடியும் வரைந்தார். அப்போது வயது 85. பழையதை அப்படியே நகல் எடுக்கவில்லை, சாரத்தில் ஏறிப் புதிதாகவே போட்டார். ஆடு, பூனை, பறவை, தேவி, மரம் எல்லாம் ஜன்னலைச் சுற்றி வளைந்து வளைந்து போகின்றன. ஜன்னலை அவர் இடைஞ்சலாகவே நினைக்கவில்லை. எங்கள் பள்ளிச் சுவரிலும் நிறைய ஜன்னல் உண்டு. அளவெடுத்துக்கொண்டு போக வேண்டும்.

வெள்ளி

காலையில் ஹிந்தி பவன். உள்ளே மூன்று சுவர்களின் மேல்பாதி முழுக்கப் பினோத் பிஹாரி முகர்ஜியின் ‘இடைக்கால அடியார்கள்’. 1946-47ல் வரைந்தது. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங், அவர்களோடு நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரும்.

பினோத் பிஹாரிக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணில் ஒளி குறைந்த பிள்ளையை எந்தப் பள்ளியும் சரியாக ஏற்காத நிலையில்தான் இங்கே வந்து சேர்ந்தார். அப்படிப்பட்டவர் இவ்வளவு நீளச் சுவரை எடுத்துக்கொண்டிருக்கிறார்! அதுவும் ஈரச் சுண்ணாம்பில். நான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் இந்த அளவில் யோசித்ததே இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் பூச்சு பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைக்க வேண்டும். காயக் காயச் சுண்ணாம்பு காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும், வண்ணம் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அழிக்க முடியாது, கொத்தித்தான் எடுக்க வேண்டும்.

சுவரளவு மாதிரிப்படம் எதையும் அவர் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வரைவுகளை வைத்துக்கொண்டு நேரே சுவரில் இறங்கினார். சுவருக்கு அருகே போனால்தான் அவருக்குத் தெரியும், முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. ஆகவே முழுச் சுவரும் மனதுக்குள் இருந்திருக்க வேண்டும். கீழே நின்று பார்க்கிற நமக்கோ ஆட்கள் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொண்டு, தெரு, படித்துறை, கோயில் என்று தட்டுத்தடங்கல் இல்லாமல் நகர்ந்துகொண்டே போகிறார்கள். நெடுநெடுவென்று உயர்ந்த உருவங்களுக்குப் பக்கத்திலேயே நெசவாளியும் சாதாரண ஜனங்களும். கே.ஜி. சுப்பிரமணியன் மாணவராக இந்தச் சுவரில் உதவி செய்திருக்கிறார்.

1957 வாக்கில் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்த பார்வையும் போய்விட்டது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை மடித்து, வெட்டி, தடவிப் பார்த்து ஒட்டினார். களிமண்ணும் மெழுகும் எடுத்து உருவங்கள் செய்தார். கலாபவன் சுவரில் 1972ல் பதித்த பீங்கான் ஓட்டுச் சித்திரம் அவர் பார்வை இழந்த பிறகு செய்தது. நேற்றே பார்த்தேன், விவரம் தெரியாமல் பார்த்தால், நல்ல தெம்பான வேலை என்றுதான் சொல்வோம். அவரிடம் படித்த சத்யஜித் ராய் அதே வருடம் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். பினோத் பிஹாரியும் ராம்கிங்கரும் ஒரே வருடம், 1980ல், காலமானார்கள்.

சாயங்காலம் டீக்கடையில், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தம்பி அறிமுகப்படுத்தினான். மண் கிண்ணத்தில் டீ, கூடவே பனிக்காலத்து ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு. “சிலையும் படமும் எல்லாரும் பார்க்கிறார்கள். ஹரிசரணைப் பற்றி யாராவது சொன்னார்களா?” என்று கேட்டார். அவர் வங்காளியில் சொல்ல, தம்பி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

ஹரிசரண் பந்தோபாத்யாய, தாகூர் குடும்பத்து ஜமீன் அலுவலகத்தில் கணக்கு வழக்கு பார்த்தவர். ஜமீனைப் பார்க்கப் போன தாகூர், சாயங்காலத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். சமஸ்கிருதம் படிக்கிறேன், ஒரு கையெழுத்துப் பிரதி தயார் செய்கிறேன் என்றார் இவர். சீக்கிரமே, 1902ல், இங்கே ஆசிரியராக அழைக்கப்பட்டார். 1905ல் வங்காள மொழிக்கு ஒரு பெரிய அகராதி செய் என்று தாகூர் சொன்னார். ஒரே ஆள். நடுவில் பணமில்லாமல் வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தா போக நேர்ந்தது. தாகூர் காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியிடம் பேசி மாதம் 50 ரூபாய் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து எழுதினார். கையெழுத்துப் பிரதி முடிய 1923 ஆயிற்று. அதை அச்சிடவும் ஆள் இல்லை. தன் சேமிப்பைப் போட்டுச் சிறு சிறு பகுதிகளாக 1930களில் வெளியிட ஆரம்பித்தார். முழுதாக முடிந்தபோது தொடங்கி 40 வருடம் ஓடியிருந்தது. உதவித்தொகை கொடுத்த மகாராஜாவும் இல்லை, செய்யச் சொன்ன தாகூரும் இல்லை. அவருடைய கண்பார்வையும் போய்விட்டிருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை நினைத்துக்கொண்டேன். 1924லிருந்து 1936 வரை 6 தொகுதிகள், ஒரு பெரிய குழுவே உழைத்தது. அதே மாதிரி ஒரு வேலையை ஒரு பள்ளி வாத்தியார் தனியாகச் செய்திருக்கிறார். பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “தினமும் வகுப்பு முடிந்து எழுதினார். தினமும். அதுதான் ரகசியம், வேறு ஒன்றும் இல்லை” என்றார். ஆராய்ச்சிக்கு மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து வருடம் என்று கணக்குப் போடுகிற இன்றைய முறையில் ஹரிசரண் எந்தப் படிவத்தை நிரப்பியிருப்பார்? மாதம் 50 ரூபாயும் ஒருவர் நம்பிக்கையும் சேர்ந்து ஒரு மொழிக்கே அகராதி கொடுத்திருக்கின்றன. கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சனி

இன்று தம்பியின் நாள். காலையில் ரயில் ஏறி குஸ்கராவில் இறங்கி, டோட்டோவில் தரியாபூர். டோக்ரா என்ற பித்தளை வார்ப்புச் செய்கிற கைவினைஞர்களின் ஊர். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் களிமண் உருண்டை, கரி, உடைந்த பித்தளைக் குழாய், பழைய பாத்திரம்.

தம்பி ஏன் இந்த ஆய்வுக்கு வந்தான் என்பதை ரயிலில் சொன்னான். பள்ளியிலிருந்து திரும்பியதும் பட்டறையில் அவனுக்குக் கொடுத்த வேலை அரம் போட்டு ராவுவது. வருடக்கணக்கில் அதுதான். மெழுகில் எண்ணெய் எவ்வளவு, குங்கிலியம் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்டால் அப்பா, “கேள்வி கேக்காத, கையால பாரு” என்பார். கோபித்துக்கொண்டு படிக்கப் போனான். இங்கே வந்து ரொம்ப நாள் வார்ப்பு பக்கமே போகவில்லை, சிமெண்டும் மரமும்தான். வகுப்போடு ஒரு முறை தரியாபூர் வந்தபோது, ஒரு வீட்டில் சட்டியில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. “வாசன வந்திச்சு சார். எங்க வீட்டு வாசன. குங்கிலியம். அப்படியே நின்னுட்டேன்.”

இன்று அதே வீட்டுக்குத்தான் போனோம். வயதான அம்மாள் ஒருவர் சட்டியில் தூனாவைக் கடுகெண்ணெயில் காய்ச்சிக்கொண்டிருந்தார். சால மரத்துப் பிசின். நாம் குங்கிலியம் என்று சாம்பிராணிக் கடையில் வாங்குவதும் அதுதான். வடிகட்டித் தண்ணீரில் ஊற்றியதும் கெட்டியாகிவிட்டது. பிசைந்து, பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி நூலாக இழுத்தார். சேமியா மாதிரி மெல்லிய நூல். அந்த நூலை, ஏற்கெனவே செய்து காயவைத்த களிமண் யானைமேல் வரிசை வரிசையாகச் சுற்றினார்கள். அந்த வரிகள்தான் கடைசியில் உலோகத்தில் தெரிகிற டோக்ரா வரி. அதற்கு மேல் மண் பூசி, தலையில் ஒரு மண் கிண்ணம் வைத்து, அதில் பித்தளைத் துண்டுகளைப் போட்டு மூடி உலையில் வைக்கிறார்கள். தீயில் பச்சை தெரிய ஆரம்பித்ததும் இடுக்கியால் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், உருகிய பித்தளை மெழுகு இருந்த இடத்துக்கு இறங்கிவிடும். அச்சும், உலோகத்தை உருக்கும் மூசையும் ஒரே பொருள்! தனியாக உருக்கி ஊற்றுகிற வேலையே இல்லை.

சுவாமிமலையில் உள்ளே மண் கரு கிடையாது. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்து உருவம் முழுவதையும் மெழுகிலேயே செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு ஐம்பொன் ஊற்றுவார்கள். இதற்குப் பெயர் கனவார்ப்பு. ஒரே பிசின் இரண்டு கலைக்கும் எப்படி அடிப்படையானது, எண்ணெய் மாறினால் மெழுகின் இளக்கம் எப்படி மாறுகிறது, எந்த வெப்பத்தில் நூல் உடைகிறது: இதெல்லாம்தான் தம்பியின் ஆய்வு. நோட்டில் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் எடை, நேரம், அன்றைய குளிர் எல்லாம் குறித்திருக்கிறான். அந்த நோட்டைப் பார்க்கும்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அவன் பத்தாம் வகுப்பில் யானை வரையும்போதும் தும்பிக்கைச் சுருக்கத்தை விடாமல் எண்ணுவான்.

மத்தியானம் அப்பாவுக்கு வீடியோ போட்டான். அவர் முதலில், “சாப்பிட்டியா, சார் நல்லா இருக்காரா” என்பதோடு நிறுத்தப் பார்த்தார். தம்பி போனை அந்த அம்மாளின் கைப்பக்கம் திருப்பினான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “பனிக்காலத்துக்கு எண்ண கூடப் போடுவாங்களான்னு கேளு” என்றார். கேட்டான். போடுவோம் என்றார் அம்மாள். “எவ்வளவு?” அதற்கும் பதில் வந்தது. “நாங்களும் அப்படித்தான்” என்றார் அப்பா.

இப்போது அம்மாளின் மகன் போனை வாங்கிக்கொண்டார். உள்ளே மண் வைக்காமல் முழுக்க உலோகம் ஊற்றினால் செலவு எவ்வளவு ஆகும், ஏன் அப்படி வீணாக்குகிறீர்கள் என்று கேட்டார். தம்பி தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தான். “பூஜைக்குப் போற சாமி உள்ள பொள்ளலா இருக்கக் கூடாதுப்பா, சாஸ்திரம் அது” என்று அப்பா குரலை உயர்த்தினார். எங்கள் வீட்டு லட்சுமி உள்ளே மண்ணோடுதான் இருக்கிறாள், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று இவர் பதில் சொன்னார். அப்பா விடவில்லை, பட்டறைக்குள் போய் ஒரு மெழுகு நடராஜரை எடுத்துக் காட்டினார். இவர் ஒரு டோக்ரா குதிரையைத் தட்டிச் சத்தம் காட்டினார். நடுவில் உட்கார்ந்து தம்பி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். மாலை ரயிலை விட்டுவிட்டோம். அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, விவாதம் முடிகிற மாதிரி தெரியவில்லை.